வெளியார் லைப்ரரியை உங்கள் சி புராஜெக்ட்டுக்குள் வைத்துப் பராமரிப்பது எப்படி?

பைதானில் பிப் இருக்கிறது, ரஸ்ட்டில் கார்கோ இருக்கிறது. சி-யில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பேக்கேஜ் மேனேஜர் என்று ஒன்று இன்றுவரை கிடையாது. அதனால் சுருக்கிய ஃபைலைப் படிக்க வேண்டும், ஜேசனைப் பிரிக்க வேண்டும் என்ற தேவை வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: லைப்ரரியின் சோர்ஸை இறக்கித் தங்கள் ஃபோல்டருக்குள் போட்டுக்கொள்வார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ரெடிஸ் டேட்டாபேஸின் டெப்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் லுவா, ஜெமல்லாக், ஹைரெடிஸ் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எஸ்கியூலைட் டேட்டாபேஸ் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபைல்களை ஒரே சி ஃபைலாக ஒட்டி, அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொள்ளும்படி வெளியிடுகிறார்கள்.

போடுவது ஐந்து நிமிட வேலை. தலைவலி பின்னால்தான் வரும். "இது எந்த வெர்ஷன்? எங்கிருந்து எடுத்தது? நடுவில் யாராவது கை வைத்தார்களா?" என்று ஒருவர் கேட்கும்போது யாருக்கும் பதில் தெரியாது. தெரியாததால் அப்டேட் செய்யப் பயம். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் ஒரே நோக்கத்துக்காகத்தான்: உள்ளே இருக்கும் பிரதியை எந்த நேரத்திலும் முழுசாக அழித்துவிட்டுப் புதியதை வைக்க முடிய வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு, தரவைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் இசட்லிப் 1.3.1-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1995 முதல் புழக்கத்தில் இருக்கும் லைப்ரரி, சிறியது, ஆனால் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் எல்லாப் பொறிகளும் அதில் உண்டு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் நாம் வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

படி 1: உள்ளே வைக்கத்தான் வேண்டுமா?

ஒன்றிரண்டு ஃபைல்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம். சிஜேசன், எஸ்டிபி இமேஜ் போன்றவை உள்ளே வைப்பதற்காகவே எழுதப்பட்டவை. இணைய இணைப்பு இல்லாத கணினியிலும் பில்ட் ஆக வேண்டும், விண்டோஸிலும் அதே வெர்ஷன் வேண்டும் என்றாலும் சரி. ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற கிரிப்டோ லைப்ரரிகளை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அவற்றின் பாதுகாப்பு அறிவிப்புகளைப் பின்தொடர்வதே தனி வேலை. அதை இயங்குதளக்காரர்களிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: தனி வீடு கொடுங்கள்

உங்கள் சோர்ஸ் எஸ்ஆர்சி ஃபோல்டரில் இருக்கட்டும். அதற்கு வெளியே தேர்ட்பார்ட்டி என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் லைப்ரரிக்கு ஒன்றாக ஃபோல்டர். இசட்லிப் ஃபோல்டருக்குள் உங்கள் மேக்ஃபைல், உங்கள் உதவி ஃபங்ஷன் எதுவும் போகக் கூடாது. லைப்ரரியைச் சுற்றி நீங்கள் எழுதும் ரேப்பர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோல்டரை அழிக்கும் நாளில் உங்கள் கோடும் சேர்ந்து போய்விடும்.

படி 3: சோர்ஸை எடுங்கள், தொடாமல் கமிட் செய்யுங்கள்

அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து வெளியீட்டு டார் ஃபைலை இறக்குங்கள். ஷா256சம் கட்டளையை ஓட்டி, வரும் ஹேஷை, அதாவது ஃபைலின் கைரேகை போன்ற எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். வேறொரு புராஜெக்ட்டின் ஃபோல்டரிலிருந்து காப்பி அடிக்காதீர்கள். அவர்கள் எதை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

டார் ஃபைலா, கிட் ரெப்போவில் அந்த வெளியீட்டைக் குறிக்கும் டேக்கா என்ற கேள்வி 2024-க்குப் பிறகு சூடான விஷயம். அந்த மார்ச்சில் எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் ஒரு பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தூண்டும் பில்ட் ஸ்கிரிப்ட் டார் ஃபைலில்தான் இருந்தது, கிட் ரெப்போவில் அந்த வரிகள் இல்லை. ஆகவே முடிந்தால் இரண்டையும் இறக்கி டிஃப் போட்டுப் பாருங்கள். கன்ஃபிகர் மாதிரி தானாக உருவான ஃபைல்கள் வித்தியாசப்படலாம். சி ஃபைல்கள் வித்தியாசப்பட்டால் காரணம் தெரியும்வரை நகராதீர்கள்.

இப்போது மிக முக்கியமான கமிட். டாரை விரித்து, ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், "இசட்லிப் 1.3.1, மூலம் அப்படியே" என்ற குறிப்போடு கமிட் செய்யுங்கள். தேவையில்லாததை நீக்குவது, திருத்துவது எல்லாம் அடுத்த கமிட்டில். பின்னாளில் "நாம் என்ன மாற்றினோம்?" என்ற கேள்விக்கு ஒரே கிட் டிஃப்பில் பதில் கிடைப்பது இந்த ஒழுங்கினால்தான்.

அப்படியே கமிட் செய்ததாக நீங்கள் நினைத்திருப்பீர்கள், கிட் வேறு மாதிரி செய்திருக்கும். இரண்டு இடத்தில் இது நடக்கும். ஒன்று, கிட் எவற்றைக் கண்டுகொள்ளக் கூடாது என்று பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைல். உங்கள் ஃபைலில் "பில்ட்" என்றோ "கன்ஃபிகர்" என்றோ ஒரு வரி இருந்தால், லைப்ரரிக்குள் அதே பெயரில் இருப்பவை சத்தமில்லாமல் விடுபடும். லைப்ரரியோடு வரும் கிட்இக்னோரும் இதையே செய்யும். கிட் ஆட் கட்டளையை மைனஸ் எஃப் போட்டு ஓட்டுங்கள். இரண்டு, விண்டோஸில் வரி முடிவுகள் மாறிவிடுவது. கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் தேர்ட்பார்ட்டிக்குக் கீழுள்ள எல்லாவற்றுக்கும் "மைனஸ் டெக்ஸ்ட்" என்று எழுதிவிட்டால் கிட் அவற்றின் வரி முடிவுகளில் கை வைக்காது.

சோர்ஸ் கோடின் வடிவத்தை அழகுபடுத்த கிளாங்ஃபார்மட் கருவியைப் பயன்படுத்துபவர்கள், தேர்ட்பார்ட்டி ஃபோல்டரில் தனியாக ஒரு கிளாங்ஃபார்மட் ஃபைல் வைத்து, அதில் டிசேபிள்ஃபார்மட் என்பதை ட்ரூ என்று போடுங்கள். யாரோ ஒருவர் ஃபார்மட் பொத்தானை அழுத்தினால் வெளியாரின் ஆயிரக்கணக்கான வரிகள் மாறிவிடும். அதற்கப்புறம் டிஃப் எடுத்து எந்தப் பயனும் இல்லை.

ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போவை இணைக்கும் கிட்டின் சப்மாடியூல் வசதி போதாதா என்று கேட்பீர்கள். போதும், ஆனால் ரெப்போவில் பதிவாவது முகவரியும் கமிட் எண்ணும்தான், சோர்ஸ் அல்ல. தளத்திலிருந்து ஜிப்பாக இறக்குபவருக்குக் காலி ஃபோல்டர்தான் கிடைக்கும். இன்னொரு ரெப்போவின் ஃபைல்களை உள்ளேயே சேர்க்கும் கிட் சப்ட்ரீயை, அதன் கமிட்டுகளை ஒன்றாக்கும் ஸ்குவாஷ் விருப்பத்தோடு பயன்படுத்தினால் சோர்ஸும் உள்ளே வரும், வரலாறும் குப்பையாகாது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது வெறும் காப்பிதான். நடப்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 4: பிறப்புச் சான்று எழுதுங்கள்

லைப்ரரி ஃபோல்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைல். குரோமியம் புராஜெக்ட்டில் ஒவ்வொரு வெளியார் லைப்ரரிக்கும் ரீட்மீ.குரோமியம் என்று ஒன்று இருக்கும்; அதே யோசனைதான். நம்முடையது இப்படி இருக்கலாம்:

பெயர்: இசட்லிப்
வெர்ஷன்: 1.3.1
எடுத்த இடம்: டார் ஃபைலின் முழு முகவரி
ஷா-256: முழு ஹேஷ்
உரிமம்: இசட்லிப் உரிமம்
நீக்கியவை: கான்ட்ரிப், டெஸ்ட், எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டர்கள்
மாற்றியவை: ஏதுமில்லை

கடைசி வரி காலியாக இருக்கக் கூடாது. "ஏதுமில்லை" என்பதும் தகவல்தான்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பைக் கூடவே வைக்கச் சொல்கின்றன. இசட்லிப் உரிமம், மாற்றிய சோர்ஸை மாற்றியது என்று தெளிவாகக் குறிப்பிடச் சொல்கிறது. ஜிபிஎல் என்றால் உங்கள் மொத்த நிரலை வெளியிடும் விதத்தையே அது பாதிக்கும், ஆகவே சேர்ப்பதற்கு முன்பே படித்துவிடுங்கள். எந்த ஃபோல்டரை நீக்கினாலும் லைசென்ஸ் ஃபைலை மட்டும் நீக்காதீர்கள்.

படி 5: கம்பைல் செய்வது

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இசட்லிப்புக்குத் தேவை மேல்மட்ட ஃபோல்டரில் உள்ள 15 சி ஃபைல்களும் 11 ஹெடர்களும்தான். அவற்றை உங்கள் மேக்ஃபைலிலிருந்தே நேரடியாகக் கம்பைல் செய்து ஒரு ஸ்டாட்டிக் லைப்ரரியாக்கலாம்.

செய்து பார்த்தால் அடலர்32.சி, டிஃப்லேட்.சி எல்லாம் ஒழுங்காகப் போகும். ஜிஇசட்லிப்.சி வந்ததும் எல்சீக் என்ற ஃபங்ஷன் அறிவிக்கப்படவில்லை என்று கம்பைலர் நிற்கும். ஜிஇசட்ரீட்.சி-யில் ரீட், ஜிஇசட்ரைட்.சி-யில் ரைட் என்று அதே புகார் தொடரும். பழைய ஜிசிசி இதை வார்னிங்கோடு விட்டுவிடும். ஜிசிசி 14-லிருந்தும் கிளாங் 16-லிருந்தும் இது எரர். லைப்ரரியில் பிழை என்று நினைத்து ஹெடரைத் திறந்து ஒரு இன்குளூட் வரி சேர்ப்பதுதான் பலரின் முதல் எண்ணம். வேண்டாம். வழக்கமாக இசட்லிப்பின் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடி, உங்கள் இயங்குதளத்தில் இந்த ஃபங்ஷன்களை அறிவிக்கும் யூனிஎஸ்டிடி.ஹெச் இருக்கிறதா என்று பார்த்து, இசட்கான்ஃப்.ஹெச்சில் அதைக் குறித்து வைக்கும். நாம் அந்தப் படியைத் தாண்டிவிட்டோம், அவ்வளவுதான். மைனஸ் டி மூலம் ஹேவ்_யூனிஎஸ்டிடி_ஹெச் என்ற மேக்ரோவைக் கம்பைலருக்குக் கொடுத்தால் எரர் போய்விடும், லைப்ரரியும் தொடாமல் இருக்கும். எந்த லைப்ரரியானாலும் சரி, திருத்துவதற்கு முன் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ன செய்திருக்கும் என்று பாருங்கள்.

வார்னிங் விஷயத்தில், உங்கள் கோடுக்கு வைக்கும் கண்டிப்பை வெளியார் கோடுக்கு வைக்காதீர்கள். வார்னிங்கையெல்லாம் எரராக்கும் விருப்பம் உங்கள் ஃபைல்களுக்கு மட்டும் இருக்கட்டும். லைப்ரரியின் ஹெடர்களிலிருந்து வரும் வார்னிங்கை அடக்க, அந்த ஃபோல்டரை மைனஸ் ஐ-க்குப் பதிலாக மைனஸ் ஐசிஸ்டம் கொண்டு கொடுங்கள்.

லிங்க் செய்யும்போது மைனஸ் எல்இசட் என்று எழுதாதீர்கள். தேடும் பாதை கொஞ்சம் பிசகினாலும் லிங்கர் கணினியில் ஏற்கெனவே இருக்கும் இசட்லிப்பை எடுத்துக்கொண்டு போய்விடும். நீங்கள் உருவாக்கிய லிப்இசட்.ஏ ஃபைலின் முழுப் பாதையையே கொடுங்கள்.

படி 6: நம்முடையதுதான் ஓடுகிறதா?

மைனஸ் ஐசிஸ்டம் வரியில் ஃபோல்டர் பெயரைத் தப்பாக எழுதினாலும் எரர் வராமல் போகலாம். கணினியில் வேறொரு இசட்லிப்.ஹெச் இருந்தால் கம்பைலர் அதை எடுத்துக்கொள்ளும். ஹெடர் ஒரு வெர்ஷன், லிங்க் ஆனது இன்னொரு வெர்ஷன். இசட்லிப்பின் டிஃப்லேட்இனிட் ஃபங்ஷனுக்குள் ஒரு சோதனை உண்டுதான், ஆனால் அது வெர்ஷனின் முதல் எழுத்தையும் ஸ்ட்ரக்ட் அளவையும் மட்டுமே பார்க்கும். 1.2-க்கும் 1.3-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

அதனால் உங்கள் டெஸ்ட்டில் மூன்றே வரி சேருங்கள்: இசட்லிப்_வெர்ஷன் மேக்ரோவையும், இசட்லிப்வெர்ஷன் ஃபங்ஷன் திருப்பித் தருவதையும் அச்சிட்டு, இரண்டும் ஒன்றா என்று எஸ்டிஆர்கம்ப்பால் ஒப்பிடுங்கள். மேக்ரோ ஹெடரிலிருந்து வருகிறது, ஃபங்ஷன் உண்மையில் லிங்க் ஆன லைப்ரரியிலிருந்து வருகிறது. எஸ்கியூலைட் முதலிய பலவற்றிலும் இதே ஜோடி உண்டு.

படி 7: திருத்தியே ஆக வேண்டும் என்றால்

சில நேரம் வேறு வழி இருக்காது. அப்போது மாற்றத்தை ஃபோல்டருக்குள் மட்டும் செய்துவிட்டுப் போகாதீர்கள். கிட் டிஃப்பின் வெளியீட்டை ஒரு பேட்ச் ஃபைலாக, தேர்ட்பார்ட்டிக்குக் கீழே பேட்சஸ் என்ற ஃபோல்டரில் சேமியுங்கள். எண் போட்டுப் பெயர் வையுங்கள், மேலே இரண்டு வரியில் காரணத்தை எழுதுங்கள். பிறப்புச் சான்றில் "மாற்றியவை" வரியையும் மாற்றுங்கள். கையோடு அந்தப் பேட்சை லைப்ரரி எழுதியவர்களுக்கும் அனுப்புங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்த வெர்ஷனில் உங்களுக்கு ஒரு சுமை குறையும். பேட்ச் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், நீங்கள் பராமரிப்பது இனி அந்த லைப்ரரி அல்ல, அதன் கிளை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

படி 8: வெளியேறும் கதவு

உங்கள் நிரலை லினக்ஸ் விநியோகங்களில் சேர்க்க வேண்டுமானால், கணினியில் உள்ள லைப்ரரியைப் பயன்படுத்தும் விருப்பம் கட்டாயம் தேவைப்படும். டெபியனின் கொள்கை ஆவணமே உள்ளே வைத்த பிரதிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. ஃபெடோராவில் அப்படி வைத்தால் அதைப் பேக்கேஜிலேயே அறிவிக்க வேண்டும். ஜிசிசியும் இசட்லிப்பின் பிரதியோடு வருகிறது. கூடவே வித்-சிஸ்டம்-இசட்லிப் என்ற கன்ஃபிகர் விருப்பத்தையும் தருகிறது. உங்கள் மேக்ஃபைலில் ஒரு மாறியும் ஒரு இஃப்பும் போதும்: ஆம் என்றால், கணினியில் உள்ள லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜிகன்ஃபிக் கருவியிடம் கேள், இல்லையென்றால் உள்ளே இருப்பதைக் கட்டு.

நீங்கள் எழுதுவதே ஒரு லைப்ரரி என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்களைப் பயன்படுத்துபவரிடமும் ஒரு இசட்லிப் இருக்கும். ஒரே பெயரில் இரண்டு இன்ஃப்லேட் ஃபங்ஷன்கள் மோதும். ஷேர்டு லைப்ரரியில் விசிபிலிட்டி ஹிடன் என்ற கம்பைலர் விருப்பத்தைக் கொடுத்து அந்தப் பெயர்களை மறையுங்கள். ஸ்டாட்டிக் என்றால் இசட்_பிரிஃபிக்ஸ் மேக்ரோவோடு கம்பைல் செய்யுங்கள். ஃபங்ஷன் பெயர்களுக்கு முன்னால் ஓர் அடைமொழி சேர்ந்துவிடும்.

படி 9: அப்டேட்

இசட்லிப் 1.2.11 வந்தது 2017 ஜனவரியில். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் புதிய வெளியீடே இல்லை. இந்த இடைவெளியில் நினைவகத்தைச் சிதைக்கும் ஒரு பிழைக்கு 2018-லேயே ரெப்போவில் திருத்தம் வந்தும், அது 1.2.12 என்ற வெளியீடாக மாறியது 2022 மார்ச்சில். அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு பாதுகாப்புத் திருத்தத்தோடு 1.2.13. அமைதியாக இருக்கும் லைப்ரரிதானே என்று விட்டவர்கள் அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை ஓட வேண்டியிருந்தது. வெளியீட்டு அறிவிப்புகளுக்கு மின்னஞ்சல் பதிவு செய்து வையுங்கள். குழுவாக வேலை செய்தால், அந்த மின்னஞ்சல் யாருக்குப் போகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

புது வெர்ஷன் வந்ததும் பழையதன் மேல் விரிக்காதீர்கள். லைப்ரரி எழுதியவர்கள் நீக்கிவிட்ட ஃபைல்கள் உங்களிடம் பேயாகத் தங்கிவிடும். ஃபோல்டரைக் காலி செய்து, புதியதை விரித்து, அப்படியே கமிட் செய்யுங்கள். அடுத்த கமிட்டில், முன்பு நீக்கியவற்றை நீக்கி, பேட்சுகளை வரிசையாகக் கிட் அப்ளையால் போடுங்கள். ஒட்டாத பேட்ச் என்றால் முதலில் புது வெர்ஷனிலேயே அது சரிசெய்யப்பட்டுவிட்டதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் அதுதான் காரணமாக இருக்கும். லிங்க்கில் "அண்டிஃபைண்டு ரெஃபரன்ஸ்" வந்தால் புதிதாக ஒரு சி ஃபைல் சேர்ந்திருக்கிறது, உங்கள் பட்டியலில் இல்லை என்று அர்த்தம். பிறப்புச் சான்றில் வெர்ஷனையும் ஹேஷையும் மாற்றி, படி 6-இன் சோதனையை ஓட்டிவிட்டு, கமிட் குறிப்பில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள்.