டெசர்ட் சவர் பியரைச் சுவைப்பது எப்படி: வேலூர் நாக்குக்கு ஒரு பயிற்சி

பழக்கூழ், வெனிலா, லேக்டோஸ் (பால் சர்க்கரை) போட்டு சீஸ்கேக், ஐஸ்கிரீம் வாசத்தில் வருகிற சவர் பியரை, அதாவது புளிப்பு பியரை, முதல் மடக்கிலேயே "ஜூஸ் மாதிரி இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் அதிகம். இனிப்பு முன்னால் நிற்பதால் பின்னால் இருக்கிற புளிப்பு தெரிவதில்லை. அந்தப் புளிப்பில் கோளாறு இருந்தாலும் தெரிவதில்லை. இந்த பியரின் தரம் புளிப்பில்தான் இருக்கிறது.

வேலூர் டாஸ்மாக்கில் கிடைப்பது பெரும்பாலும் லாகரும் ஸ்ட்ராங்கும்தான். இந்த வகைக்குக் காட்பாடியில் ரயிலேறி பெங்களூரு போக வேண்டும். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் வெளிமாநில மதுவை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். 21 வயது நிறையாதவர்களுக்கு இது வேண்டாம். குடித்த பிறகு வண்டி ஓட்டவும் வேண்டாம்.

போவதற்கு முன்னால் வீட்டிலேயே நாக்கைப் பழக்கலாம். புளித்த தயிரைத் துணியில் கட்டி வடித்த நீர் அரை டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டம்ளரில் 200 மி.லி. தண்ணீருக்கு 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு. மூன்றாவதில் அதே அளவு தண்ணீருக்கு 1 டீஸ்பூன் வினிகர். கேன் தண்ணீரே எடுங்கள், போர் தண்ணீரில் இருக்கிற பைகார்பனேட் புளிப்பைக் குறைத்துவிடும். ஒவ்வொன்றாகக் குடித்துப் பாருங்கள். தயிர் நீரின் புளிப்பு மெதுவாக வந்து அடங்கும். எலுமிச்சை சட்டென்று எச்சில் ஊற வைக்கும். வினிகர் மூக்கில் ஏறி, தொண்டையில் கரிக்கும். நல்ல சவர் பியரின் அடிப்படைப் புளிப்பு முதல் வகை. பழத்தைப் பொறுத்து இரண்டாவது சேரலாம். மூன்றாவது தூக்கலாக இருந்தால் கோளாறு.

காரணம் தயாரிப்பில் இருக்கிறது. மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றில், தயிரையும் புளிக்க வைக்கிற லேக்டோபேசிலஸ் வகை பாக்டீரியாவை விட்டு, 35 முதல் 45 டிகிரி சூட்டில் ஓரிரு நாள் வைத்தால் பி.எச். 3.2–3.5 வரை இறங்கும் (பி.எச். குறையக் குறையப் புளிப்பு கூடும்). பிறகு கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்ப்பார்கள். பியருக்குக் கசப்பு தருகிற ஹாப்ஸ் பூ அந்த பாக்டீரியாவைத் தடுக்கும் என்பதால் பேருக்குத்தான் போடுவார்கள், கசப்பைத் தேடாதீர்கள். லேக்டோஸை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அது அப்படியே தங்கிக் கெட்டித்தன்மை தரும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியும் ஆகலாம்.

பெங்களூரு போனதும் 100 முதல் 150 மி.லி. மட்டும், வாய் குறுகிய கிளாஸில் கேளுங்கள். கேனாக இருந்தால் ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, இரண்டு நிமிடம் விட்டுத் திறங்கள். அடியில் தங்கிய கூழ் கலந்துவிடும். குலுக்கினால் பொங்கி வழியும். நுரை சீக்கிரம் அடங்குவது இந்த வகையில் குறையே இல்லை. ஆனால் ஸ்ட்ராபெரி போட்டது சிவப்பு மங்கிப் பழுப்பாகத் தெரிந்தால் பழசு. நொதிக்காத பழக்கூழ் இருக்கிற கேன் சூட்டில் மறுபடி நொதித்து உப்பும், வெடிக்கவும் செய்யும். உப்பின கேனைத் தொடாதீர்கள்.

முதலில் மோந்து பாருங்கள், என்ன வாசம் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இது பிறகு உதவும். மாம்பழம் போட்டதில் காம்புப் பால் வாடை லேசாக வந்தால் நல்ல அடையாளம், எசென்ஸில் அது வருவது அரிது. முதல் மடக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள், புளிப்பின் அதிர்ச்சி அடங்கட்டும். இரண்டாவது மடக்கை வாயில் சுற்றவிட்டு விழுங்குங்கள். 6–8 டிகிரியில் தொடங்கி, கால் மணி நேரம் கழித்து மறுபடி குடியுங்கள். ஜில்லிப்பு மறைத்ததெல்லாம் அப்போது வெளியே வரும்: வாந்தி வாடை என்றால் பியூட்ரிக் அமிலம், பாப்கார்ன் வெண்ணெய் வாடை என்றால் டைஅசிட்டைல், நெயில்பாலிஷ் வாடை என்றால் எத்தில் அசிடேட்.

இவற்றைவிட ஏமாற்றுவது டி.எச்.பி. (டெட்ராஹைட்ரோபிரிடின்) என்கிற பொருளால் வருகிற கோளாறு. மோந்தால் ஒன்றும் தெரியாது. விழுங்கி 10–30 வினாடி கழித்து, எச்சில் புளிப்பைத் தணித்த பிறகு, நமத்த பிஸ்கட் சுவை எழும்பும். சிலருக்கு எலி வாடை. பிஸ்கட் சேர்த்த பியரில் இதை அந்த பிஸ்கட்டின் சுவை என்றே நினைத்துவிடுவார்கள். முன்பு குறித்த வாசம் இங்கேதான் கைகொடுக்கும்: சேர்த்த பிஸ்கட் மூக்கிலேயே தெரிந்திருக்கும், விழுங்கிய பிறகு மட்டும் வருவது டி.எச்.பி. சிலருக்கு இது பிடிபடவே பிடிபடாது, அதனால் இரண்டு பேராகச் சுவைப்பது நல்லது.

கூட எடுத்துப் போவதென்றால் ஆற்காடு மக்கன் பேடாவை முன்னால் சாப்பிடாதீர்கள். ஜீராவின் இனிப்புக்கு முன் பியர் நீர்த்து, வெறும் புளிப்பாகத் தெரியும். சர்க்கரை போடாத கோவா பொருந்தும், அதன் கொழுப்பு புளிப்பை மென்மையாக்கும். இடையில் நாக்கைக் கழுவப் பொரியும் தண்ணீரும் போதும். ஆம்பூர் பிரியாணியைக் கடைசிக்கு வையுங்கள். மிளகாய்க் காரம் ஏறிய நாக்கில் புளிப்பும் கேஸும் எரிச்சலாக மட்டுமே தெரியும்.