ஜாமீன் கையெழுத்தும் நீதிமொழிகளும்

ஒரு முடிவெடுக்கத் தடுமாறும்போது “ஆண்டவரே, ஞானம் தாரும்” என்று மொட்டையாக ஜெபித்துவிட்டு எழுந்தால், எதற்குக் கேட்டோம் என்பதே நமக்கு மறந்துவிடும். முதலில் விஷயத்தை ஒரு நோட்டில் ஒரே வரியில் எழுதுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதியது: “சித்தப்பா மகன் வாங்கும் 4 லட்சம் கடனுக்கு ஜாமீன் போடலாமா?” எழுதிப் பார்த்ததும்தான் தெரிந்தது, பணத்தைவிட சித்தப்பாவின் கோபத்துக்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன். அதையும் எழுதினேன்.

அப்புறம், ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடம் கேட்கட்டும் என்கிற பைபிள் வசனம் யாக்கோபு 1:5-ஐச் சொல்லிக் கேளுங்கள். அதில் “ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்” என்று வருகிறதே, அது எனக்குப் பெரிய தைரியம். இந்த வயதிலும் இதுகூடத் தெரியாதா என்று அவர் திட்டமாட்டார்.

வாசிப்புக்கு பைபிளில் உள்ள நீதிமொழிகள் புத்தகம். மொத்தம் 31 அதிகாரம். இன்று என்ன தேதியோ அந்த அதிகாரம். (பிப்ரவரியில் மிச்சத்தைக் கடைசி நாளில் சேர்த்து வாசித்துவிடுவேன். 31-ல் வரும் குணசாலியான ஸ்திரீயை விட முடியுமா?) பதில் சொல்ல ஒரு மாதம் டைம் வாங்கியிருந்தேன். 6-ம் தேதி, பிணைப்பட்டிருந்தால் ஓடிப்போய்த் தப்பித்துக்கொள் என்று வந்தது. 11, 17 தேதிகளிலும் அதே பேச்சு. 22-ம் தேதி, கொடுக்க உன்னிடம் ஒன்றுமில்லாவிட்டால் படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்றது. நான் உட்கார்ந்திருந்தது அம்மா சீதனமாகக் கொடுத்த தேக்குக் கட்டிலில்!

அத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதி. ஆனால் அடுத்த மாதம் 3-ம் தேதி, திராணியிருக்கும்போது நன்மை செய்யாமல் இராதே என்று 3:27 எதிரே நின்றது. பிடித்த வசனத்தோடு பைபிளை மூடாதீர்கள். கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பதும் வேண்டாம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (ஒரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டை) நம்பி மனை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்த வசனத்துக்கு மேலும் கீழும் நாலு வசனம் வாசித்திருக்கலாம்.

கடைசியாக, விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். எங்கள் சபையில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் உண்டு. “அவன் கட்டாவிட்டால் முழுக் கடனையும் உன்னிடமே கேட்கலாம், தெரியுமா?” என்றார். தெரியாது.

ஜாமீன் போடவில்லை. திருப்பிக் கேட்காத பணமாக 25,000 கொடுத்தேன். தம்பி வாங்கிக்கொண்டான், சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது நோட்டில் இருக்கும் வரி: “கிறிஸ்துமஸுக்கு நானே முதலில் அவர் வீட்டுக்குப் போகலாமா?” இன்று 9-ம் அதிகாரம்.