சிமுலேட்டர் விமானத்துக்கு 75 டாலரா? வாங்கும் முன் கணக்குப் போடுவது எப்படி

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 வெளிவந்தபோது அதன் ஸ்டாண்டர்ட் பதிப்பு 59.99 டாலர். உள்ளே 20 விமானங்கள் இருந்தன. அதே சிமுலேட்டருக்காக பிஎம்டிஜி நிறுவனம் 2024 ஜூனில் வெளியிட்ட போயிங் 777-300இஆர் என்ற ஒற்றை விமானத்துக்கு 74.99 டாலர். மொத்த விளையாட்டையும் விட அதில் ஓட்டும் ஒரு விமானத்துக்கு விலை கூடுதல்! புதிதாக வருபவர்கள் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். விலை நியாயமா என்பதை விட, உங்களுக்கு அது தேவையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

படி 1: முதலில் இலவசத்தை ஓட்டிப் பாருங்கள்

ஃப்ளைபைவயர் குழுவின் ஏ32என்எக்ஸ் முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஏர்பஸ் ஏ320நியோவின் பெரும்பாலான அமைப்புகள் அதில் வேலை செய்கின்றன. எக்ஸ்-பிளேன் என்ற வேறு சிமுலேட்டரை வைத்திருப்பவர்களுக்கு ஸீபோ 737 இருக்கிறது. சிமுலேட்டரோடு வரும் 737-800ஐ எடுத்து ஆர்வலர்கள் செதுக்கியது, அதுவும் இலவசம்.

இவற்றில் ஒன்றை கோல்ட் அண்ட் டார்க் நிலையிலிருந்து, அதாவது பேட்டரிகூட போடாத நிலையிலிருந்து கிளப்பி, இன்னொரு விமான நிலையத்தில் இறக்கிப் பாருங்கள். எஃப்எம்சியில், அதாவது விமானத்தின் வழிகாட்டும் கணினியில், பாதையை நீங்களே உள்ளிட வேண்டும். இது பிடித்திருந்தால் அடுத்த படிக்குப் போங்கள். ரன்வேயில் நின்றபடியே தொடங்கி, மேலே போய் மேகம் பார்ப்பதுதான் பிடிக்கிறது என்றால், 75 டாலரைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு தவறும் இல்லை.

படி 2: காசு எதற்குப் போகிறது என்று பாருங்கள்

கடைப் பக்கத்தில் பளபளக்கும் படங்களை வைத்து விலையை எடை போடாதீர்கள். வெளித்தோற்றத்தில் 30 டாலர் விமானமும் 75 டாலர் விமானமும் இன்று கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். 737 ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானம்) எதையாவது குறிவைத்திருந்தால், யூடியூபில் அதன் எஞ்சின் ஸ்டார்ட் வீடியோவைத் தேடுங்கள். நிஜ 737இல் எஞ்சினைச் சுழற்றிவிடுவது அழுத்தக் காற்று. ஏபியு என்ற வால்பகுதித் துணை எஞ்சினிலிருந்து வரும் அந்தக் காற்றைத்தான் கேபினைக் குளிர்விக்கும் ஏசி பேக்குகளும் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஸ்டார்ட் செய்யும் முன் பேக்குகளை அணைக்க வேண்டும். அணைக்காமல் விட்டால் காற்றுக் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் டக்ட் பிரஷர் முள் தாழ்ந்து, என்2 அளவு (எஞ்சினின் உள் சுழலியின் வேகம்) மெதுவாக இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் என்2 சுமார் 56 சதவீதம் தொடும்போது ஸ்டார்ட் சுவிட்ச் தானாக விடுபட்டுத் திரும்பும்.

நல்ல ஆட்-ஆனில் இந்தச் சங்கிலி அப்படியே இருக்கும். மலிவானதில் பேக் எந்த நிலையில் இருந்தாலும் எஞ்சின் ஒரே மாதிரி கிளம்பும், சில சுவிட்சுகளோ அசையவே அசையாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் 45 டாலர் இந்தச் சங்கிலிக்குத்தான். இதை எழுதவும் சோதிக்கவும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது, வாங்குபவர் கூட்டமோ சிறியது.

ஏறக்குறைய விலை அடுக்கு இது: சிறிய ஒற்றை எஞ்சின் விமானங்கள் 15 முதல் 40 டாலர், ஆழமான பயணிகள் விமானங்கள் 50 முதல் 80. எக்ஸ்-பிளேனுக்காக ஹாட் ஸ்டார்ட் என்ற நிறுவனம் உருவாக்கிய சேலஞ்சர் 650 சுமார் 115 டாலர். முன்பு பிரிபேர்3டி என்ற பழைய சிமுலேட்டரின் காலத்தில் பிஎம்டிஜியின் 747 கூட 100 டாலரைத் தாண்டித்தான் விற்றது. 2020க்குப் பிறகு புதியவர்கள் ஏராளமாக வந்ததால் விலை இறங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ஃபெனிக்ஸ் நிறுவனத்தின் ஏ320 2022இல் 49.99 பவுண்டுக்கு வந்தது. 2024இல் ஐஏஇ என்ற இன்னொரு வகை எஞ்சினையும், விமானம் பறக்கும் விதத்தைக் கணக்கிடும் புதிய ஃப்ளைட் மாடலையும் பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். வாங்கிய பிறகு என்ன செய்கிறார்கள் என்பதும் விலையில் ஒரு பாகம்தான், அந்த வகையில் நான் ஃபெனிக்ஸுக்குக் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

படி 3: கையிலிருந்து போகும் தொகையைக் கணக்கிடுங்கள்

டாலர் விலை கடைசி விலை அல்ல. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 74.99 டாலர் என்பது 6,374 ரூபாய். கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் எடுத்தால் 223 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 40 ரூபாய். மொத்தம் 6,637. கடை தன் பங்குக்கு வரி சேர்த்தால் இன்னும் ஏறும். எனவே கடைசி செக்அவுட் பக்கம் வரை போய்ப் பாருங்கள். அதுவரை பணம் கேட்க மாட்டார்கள்.

படி 4: கூட வரும் செலவுகள்

பைக் வாங்கியவருக்கு ஹெல்மெட்டும் இன்ஷூரன்ஸும் போல, இங்கேயும் வால் நீளும்.

வான்வழித் தரவு 28 நாளைக்கு ஒருமுறை மாறும், அதற்கு ஏர்ஏசி சைக்கிள் என்று பெயர். புதிதாக வேண்டுமென்றால் அந்தத் தரவைத் தரும் நேவிகிராஃப் சேவைக்குச் சந்தா கட்ட வேண்டும். தொடக்கத்தில் இது தேவையே இல்லை, விமானத்தோடு வரும் பழைய தரவே போதும். ஆன்லைனில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்கும் வாட்சிம் போன்ற வலையமைப்பில் பறக்கத் தொடங்கியபின் யோசிக்கலாம்.

அடுத்து வகைகள். ஃபெனிக்ஸின் ஏ319, ஏ321 தனியாகக் கிடைக்காது. ஏ320 வைத்திருப்பவர்தான் அந்த விரிவாக்கத்தை வாங்க முடியும். ஏ321 மட்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டு விலையையும் கூட்டிக்கொள்ளுங்கள். லிவரிகளுக்கு, அதாவது விமானத்தின் வெளிப்பூச்சு வண்ணங்களுக்கு, மட்டும் காசு கொடுக்காதீர்கள், பெரும்பாலானவை இலவசமாகவே கிடைக்கும்.

படி 5: எந்தக் கடை?

எக்ஸ்பாக்ஸ் என்றால் பேச்சே இல்லை, சிமுலேட்டருக்குள் இருக்கும் மார்க்கெட்பிளேஸ்தான். பிசியில் இருப்பவர்கள் தயாரிப்பாளரின் சொந்தக் கடையிலோ ஆர்பெக்ஸ், சிம்மார்க்கெட் போன்ற இடங்களிலோ வாங்குவது நல்லது. மார்க்கெட்பிளேஸுக்கு அப்டேட் தாமதமாக வரும், கோப்புகள் பூட்டப்பட்டிருப்பதால் சில மாற்றங்களும் செய்ய முடியாது.

பணம் கட்டும் முன் இரண்டு விஷயங்களைப் படித்துவிடுங்கள். ஒன்று, உங்கள் சிமுலேட்டரின் பெயர் அதில் இருக்கிறதா? ஃப்ளைட் சிமுலேட்டர் 2020க்கு வாங்கியது அதன் அடுத்த பதிப்பான 2024இல் ஓடுமா, அதற்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. இன்னொன்று, திருப்பித் தரும் விதி. டவுன்லோடு செய்தபின் பெரும்பாலான கடைகள் பணம் தராது. ஸ்டீமில் வாங்கிய கூடுதல் உள்ளடக்கத்துக்கு மட்டும் 14 நாளுக்குள், வாங்கிய பிறகு அந்த விளையாட்டை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடவிட்டிருந்தால், கேட்கலாம்.

படி 6: எப்போது வாங்குவது?

அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசி வரை காத்திருங்கள். பிளாக் ஃப்ரைடே சமயத்தில் பல கடைகள் தள்ளுபடி தருகின்றன. வெளியான முதல் வாரத்தில் வாங்குவது எனக்குப் பிடிக்காத பழக்கம், முதல் இரண்டு மூன்று அப்டேட் வரட்டும். அப்புறம், வாங்கியதும் ஆர்டர் எண்ணும் ஆக்டிவேஷன் சாவியும் உள்ள மின்னஞ்சலை ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவும் அன்று முதலில் தேடுவது அதைத்தான்.