கதையில் வரும் உடுப்பைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கும்பகோணத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து கதை படிக்கிறோம். இந்த வருடம் எடுத்துக்கொண்டது நவீன இலக்கியமும் உடையும். போன கூட்டத்தில் புதிதாக வந்த மூன்று பேர் கட்டுரை வாசித்தார்கள். மூன்றிலும் இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகள், சில இடங்களில் சொற்கள்கூட அதே. அவர்கள் முடிக்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதுவது, ஆண்டைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை நான் இங்கே தொடவில்லை, அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் அச்சுவரைக்கும் போய்விடுகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபேஷன் மட்டம், இலக்கியம் உசத்தி என்று தொடங்குவது

ஒரு கட்டுரையின் முதல் வரியே, ஃபேஷனின் மேலோட்டத்துக்கு எதிராகத்தான் நவீனத்துவம் எழுந்தது என்று இருந்தது. எழுந்தவர்களைப் போய்ப் பார்த்தால் கதை வேறு. நவீனம் என்பதற்கு இலக்கணம் சொன்ன பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், 1863-இல் வந்த தன் கட்டுரையில், நிலைத்து நிற்பதையும் அந்தந்த நேரத்தோடு ஓடிப்போவதையும் சேர்த்துப் பிடிப்பதுதான் கலைஞனின் வேலை என்கிறார், அந்த ஓடிப்போவதற்கு அவர் காட்டுகிற உதாரணம் பெண்களின் உடையும் அதன் மோஸ்தரும். புரியாத கவிதைக்குப் பேர்போன இன்னொரு பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே 1874-இல் ஒரு ஃபேஷன் பத்திரிகையே நடத்தினார். எட்டு இதழ் வந்தது. பெண் பெயர்களை வைத்துக்கொண்டு உடை, தொப்பி, நகை என்று பக்கம் பக்கமாக அவரே எழுதினார். ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் 1920-களில் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் பிரிட்டிஷ் பதிப்பில் கட்டுரை எழுதினார், தன் அம்மாவின் பழைய உடையைப் போட்டுக்கொண்டு எடுத்த அவருடைய படமும் அதே பத்திரிகையில் வந்தது.

ஐரிஷ் எழுத்தாளர் ஜாய்ஸின் யுலிசிஸ் நாவலில் கெர்ட்டி மெக்டவல் என்று ஒரு பெண். கடற்கரையில் உட்கார்ந்திருக்கிற அவள் போட்டிருக்கும் நீல ரவிக்கைக்கு அவளே வீட்டில் சாயம் போட்டிருக்கிறாள், இந்தப் பருவத்தில் அந்த நீலம்தான் எடுபடும் என்று ஒரு பெண்கள் பத்திரிகை சொன்னதால். ஜாய்ஸ் அந்த அத்தியாயத்தின் முதல் பாதி முழுவதையும் அந்தப் பத்திரிகைகளின் குழைந்த நடையிலேயே எழுதியிருக்கிறார். அந்த நடையை விட்டு வெளியே வந்து அவளால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மோஸ்தர் இந்தக் கதைக்கு உள்ளேயே, அதன் வாக்கியத்திலேயே இருக்கிறது. அதை மட்டம் என்று ஒதுக்கிவிட்டால் படிப்பதற்கு அங்கே பாதி அத்தியாயம் இருக்காது.

புதுசாக எழுதியவர் புதுசாக உடுத்தியிருப்பார் என்று நம்புவது

நவீனக் கவிதையையே புரட்டிப்போட்ட ‘பாழ்நிலம்’ என்ற நெடுங்கவிதையை எழுதி 1922-இல் வெளியிட்டபோது கவிஞர் எலியட் லண்டனில் லாயிட்ஸ் வங்கி ஊழியர். நம் கும்பகோணத்துக்காரர், புதுக்கவிதையைத் தொடங்கிவைத்த ந. பிச்சமூர்த்தி, கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்தவர், படத்தில் ரிஷி மாதிரி தாடி. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நிறத்துக்கு அகராதி வைத்துக்கொண்டு படிப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

வுல்ஃப் எழுதிய ‘புதிய உடை’ என்ற சிறுகதை 1927-இல் வெளிவந்தது. மேபல் வேரிங் என்ற பெண், மிஸஸ் டாலோவே வீட்டு விருந்துக்கு வெளிர்மஞ்சள் பட்டில் பழைய மாடலில் ஒரு உடை தைத்துப் போட்டுக்கொண்டு போகிறாள். உள்ளே நுழைந்து மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கும்போதே ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடுகிறது. எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறாள், பால் கிண்ணத்திலிருந்து வெளியே வரத் தவிக்கும் ஈயாகத் தன்னைப் பார்க்கிறாள், கடைசியில் கிளம்பிப் போய்விடுகிறாள். நடப்பது அவ்வளவுதான்.

நான் இந்தக் கதையைப் பற்றி 22 பக்கம் எழுதினேன். மஞ்சள் கோழைத்தனத்தின் நிறம், பொறாமையின் நிறம், நோயின் நிறம், பழுத்து உதிர்கிற இலையின் நிறம், ஆகவே மேபல் உள்ளுக்குள் பட்டுப்போனவள். ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் வைத்திருந்தேன். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் வாசித்தேன், கைதட்டினார்கள், தொகுப்பில் அச்சாகியது. அந்தக் கைதட்டலை நம்பி ஆய்வுக்கே பதிவு செய்து, பச்சை உடைக்கு ஒன்று, கறுப்பு உடைக்கு ஒன்று என்று இன்னும் மூன்று அத்தியாயம் எழுதிவிட்டேன்.

எங்கள் அத்தை தையல்காரி. ஒரு தீபாவளிக்கு முந்தைய வாரம், ரவிக்கைகள் குவிந்து கிடக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வைத்துக்கொடுத்தபடி இந்தக் கதையைச் சொன்னேன். அத்தை மிஷினை நிறுத்தவில்லை. “ஏண்டா, விருந்துக்குப் போறவ எதுக்குப் பழைய மாடல்ல தைக்கச் சொன்னா?” என்று கேட்டார். தனித்தன்மைக்காக என்றேன். “காசு இருந்திருக்காது” என்றார். அப்புறம், “தைச்சுக் கொடுத்தாளே, அவளைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா அந்தம்மா?” என்றார்.

வுல்ஃப் சொல்லியிருக்கிறார். நான்தான் விட்டுவிட்டேன். அன்று இரவு மறுபடி படித்தபோதுதான் எவ்வளவை விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஃபேஷன் என்றால் வெட்டு, பாணி, குறைந்தது 30 கினி என்று கதை கணக்கே போடுகிறது. ஒரு கினி 21 ஷில்லிங், ஆக 31 பவுண்டு 10 ஷில்லிங், மேபலுக்கு அது முடியாது. முடியாது என்பதால்தான் அம்மாவின் பழைய பாரிஸ் ஃபேஷன் புத்தகத்தைப் புரட்டி, அதில் இருக்கும் பெண்கள் எவ்வளவு கண்ணியமாக இருக்கிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, தனித்தன்மை என்று அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறாள். பணம் இல்லாத இடத்தை ரசனையால் மூடுகிற இந்தக் காரியத்தை நம் ஊர்க் கல்யாண வீடுகளில் பார்க்காதவர் யார்?

அதைவிடப் பெரியது தையற்காரி மிஸ் மிலன் வரும் பகுதி. சின்ன அறை, புழுக்கம், முட்டைக்கோஸ் வேகும் வாசனை, கூண்டில் ஒரு கானரிப் பறவை. அந்த அறைக் கண்ணாடியில் இதே மஞ்சள் உடையில் மேபல் தன்னைப் பார்க்கிறாள், அழகாக இருக்கிறாள். பாவாடை நீளம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டபடி, வாய் நிறையக் குண்டூசியோடு, முகம் சிவக்கத் தரையில் தவழ்ந்து மிஸ் மிலன் அளவு பார்க்கிறாள். அவள்மேல் உலகத்தில் வேறு யார்மேலும் இல்லாத பிரியம் அந்த நிமிடம் மேபலுக்கு வருகிறது, அழுகை முட்டுகிறது. அத்தையும் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டுதான் பேசுவார். என் 22 பக்கத்தில் மிஸ் மிலன் பெயர்கூட இல்லை. மஞ்சள் நோய் என்று தீர்ப்பு எழுதிவிட்டவனுக்கு, மஞ்சள் அழகாக இருந்த அறையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

உடை ஒன்று, அறை இரண்டு, கண்ணாடி இரண்டு. கதை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. தையல் அறையில் அவளை அழகாக்கிய அதே துணி, ரோஸ் ஷா மாதிரி மோஸ்தர் தவறாதவர்கள் நிற்கும் கூடத்தில் அவளைக் கூனிக்குறுக வைக்கிறது. துணி மாறவில்லை, கண்கள் மாறிவிட்டன. 1925-இல் தன் நாட்குறிப்பில் வுல்ஃப் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார், உடுப்பு உணர்வு என்று நாம் சொல்லலாம். மனிதர்களுக்குள் இருக்கிற பல நிலைகளில் அதுவும் ஒன்று, அதை எழுதிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். மனசு நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதைப் பிடிக்க முயன்ற ஒருவரின் கதையை எடுத்து, மஞ்சளுக்கு ஒரே ஒரு பொருள் என்று ஆணி அடிப்பது, அவர் செய்த வேலையையே கலைத்துப்போடுவது.

அந்த மூன்று அத்தியாயங்களையும் தூக்கிப்போட்டேன், ஆய்வு நின்றே போயிற்று. அச்சான கட்டுரையை மட்டும் தூக்கிப்போட முடியவில்லை. அது ஜெராக்ஸ் ஆகி, நோட்ஸ் ஆகி, யார் யார் கைக்கோ போய், போன கூட்டத்தில் ஒரு பெண், “சார், நீங்களே எழுதியிருக்கீங்களே, மஞ்சள் நோயின் நிறம்னு” என்றாள். அவள்மேல் கோபமில்லை. அச்சில் இருந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பிள்ளை கதையைப் படிக்குமுன்பே கதையின் கதவை நான் சாத்தி வைத்திருக்கிறேன், அது பொறுக்கவில்லை.

கதை எழுதுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். ஒரு தம்பி தன் கதையில், அக்கா வளைகாப்புக்கு வரும் பெண்ணுக்குச் சிவப்புப் பட்டுப்புடவை கட்டிவிட்டார். ஏன் சிவப்பு என்றால், அவளுக்குள் இருக்கும் புரட்சி என்றார். புடவை அவளுடையதா, எதிர்வீட்டில் இரவல் வாங்கியதா? திருபுவனம் பட்டு என்றால் விசிறி மடிப்பில் வரும், அந்த மடிப்புக் கோடு முதல் தடவை கட்டும்போது உடம்பில் தெரியும், பந்தியில் உட்காரும் பெரியம்மா ஒரு பார்வையிலேயே இது புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். சரிகை கழுத்தில் உரசுகிறதா? சாம்பார் சிந்திவிடுமோ என்று கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறாளா? இரவல் என்றால் அந்தக் கை கொஞ்சம் கூடுதலாகவே தூக்கியிருக்கும். இவ்வளவும் தெரிந்த பிறகு சிவப்பு என்னவாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கைம்பெண் என்றால் வெள்ளைப் புடவை

அது சினிமா. அக்கிரகாரத்துக் கதை எழுதினால் நார்மடி என்ற சொல்லை, அங்கே கைம்பெண்கள் உடுத்திய புடவையின் பெயரை, தெரிந்துகொள்ளுங்கள்.

நைலான்

உலகத்துக்கே அது 1938-இல்தான் அறிவிக்கப்பட்டது. 1935-இல் நடக்கும் கதையில் வேண்டாம்.

உடுத்துகிறவரோடு நின்றுவிடுவது

மேல்நாட்டு நவீனக் கதைகளில் துணி பெரும்பாலும் கடையிலிருந்தோ தையற்காரியிடமிருந்தோ வருகிறது, அதற்கு முன்னால் போவதில்லை. நம் பக்கத்தில் அப்படி நிறுத்த முடியாது. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் சரிகை வியாபாரம் செய்தவர், சௌராஷ்டிர நெசவாளர்களின் வாழ்க்கையை வேள்வித் தீ நாவலில் எழுதியவர். பட்டு அவருக்கு உடுத்திப் பார்க்கிற பொருளாக இருப்பதற்கு முன்னாலேயே கூலியாக, கடனாக, வேலை இல்லாத நாளின் வயிறாக இருக்கிறது. நவீனமும் ஃபேஷனும் என்று பேச வருபவர்கள் அவரைத் தொடாமலே போகிறார்கள், ஏனென்றால் அவர் எழுதியது ஃபேஷன் மாதிரி தெரியவில்லை. தறியில் பாவு நூல் ஓடுவதும், கரையை உடலோடு கோர்வை போட்டு இணைப்பதும் தெரிந்த ஊரில் இருந்துகொண்டு பாரிஸ் தொப்பியைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தொப்பியைப் பற்றியும் எழுதுங்கள். ஒரு தடவை திருபுவனத்தில் இறங்கி, தறிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.

ஆண்களுக்கு உடையே இல்லாத மாதிரி எழுதுவது

மூன்று கட்டுரையிலும் ஒரு ஆணுடைய சட்டைகூட வரவில்லை. யுலிசிஸில் ஸ்டீபன் என்ற இளைஞன், அம்மா செத்த துக்கத்தில் கறுப்பு உடுத்துகிறான், நண்பன் தருகிற சாம்பல்நிறக் கால்சட்டையை வேண்டாம் என்கிறான், ஆனால் காலில் போட்டிருப்பது அந்த நண்பன் கழித்துப்போட்ட பூட்ஸ். துக்கத்தின் கௌரவமும் இரவலின் அவமானமும் ஒரே உடம்பில். காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் வேலைக்குப் போகத் தொடங்கும் அப்பா, பொன் பொத்தான் வைத்த நீலச் சீருடையை வீட்டிலும் கழற்ற மாட்டேன் என்கிறார். அதில் கறை ஏறிக்கொண்டே போகிறது, பொத்தான் மட்டும் பளபளக்கிறது. அந்தக் காஃப்காவின் அப்பா பிராகில் அலங்காரப் பொருள் கடை வைத்திருந்தவர். 1938-இல் வுல்ஃப் போரைப் பற்றி எழுதிய நூலில் தளபதி, நீதிபதி என்று ஆண்களின் ஆடம்பர உடைப் படங்களைச் சேர்த்தார், பெண்களை உடைப்பித்து என்று கேலி செய்பவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும் என்கிற மாதிரி.

நம் ஊரில் இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கீழத் தஞ்சைப் பக்கம் பண்ணையாள் தோளில் துண்டோடு மிராசுதார் முன்னால் நிற்க முடியாத காலம் இருந்தது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். அதே தெருவில் மிராசுதாரின் அங்கவஸ்திரம் எந்தத் தோளில் எப்படிக் கிடக்கிறது என்பதே ஒரு மோஸ்தர். துண்டு ஒரே துண்டுதான், தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற அந்த ஒரு சாண் தூரத்தில் மிஸ் மிலனின் அறைக்கும் டாலோவே வீட்டுக் கூடத்துக்கும் இருக்கிற தூரம் இருக்கிறது.

இதைச் சொன்னபோது வளைகாப்புக் கதை எழுதிய தம்பி, தன் தாத்தா பண்ணையாளாக இருந்தவர் என்றார். இப்போது அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். நேற்று போன் செய்தார். பண்ணை வீட்டின் வெளிக்கதவு, திண்ணை, கொல்லை வாசல், இதில் எந்த இடத்துக்கு வந்ததும் தாத்தா துண்டை இறக்குவார் என்று தெரியாமல் கதை நிற்கிறதாம். அப்பாவிடம் கேட்டிருக்கிறார், அப்பா சொல்ல மறுத்துவிட்டார். அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பாட்டியிடம் கேட்கப் போகிறார்.