விஎஸ் கோடில் மேவன் கொண்டு ஜாவா லைப்ரரிகளைச் சேர்ப்பது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரி செல்லும் பேருந்துகளின் நேரப்பட்டியலை ஜேசன் என்ற தரவு வடிவத்தில் உள்ள ஒரு கோப்பிலிருந்து படித்து, ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் ஆகிய நிறுத்தங்களுக்கு அடுத்த பேருந்து எப்போது வரும் என்று காட்டும் சிறிய ஜாவா நிரலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஜேசனைப் படிக்க ஜீசன் என்ற லைப்ரரி, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு, போதும். அந்த லைப்ரரி அடங்கிய ஜார் கோப்பைத் தேடி இறக்கி ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் போட்டும் வேலையை முடிக்கலாம். ஆனால் அந்த ஃபோல்டர் பென்டிரைவில் நண்பர்களிடையே சுற்றத் தொடங்கியதும், யாரிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, வேண்டிய லைப்ரரிகளையும் பதிப்புகளையும் ஒரே கோப்பில் பட்டியலிட்டால் அவற்றைத் தானே இறக்கித் தரும் கருவிதான் மேவன்.

முதலில் ஜாவா நிரல்களை உருவாக்கத் தேவையான ஜேடிகே, மேவன், விஎஸ் கோட் எடிட்டரின் ஜாவா எக்ஸ்டென்ஷன் பேக் ஆகியவற்றை நிறுவிக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி, புதிய ஜாவா ப்ராஜெக்ட் உருவாக்கும் கட்டளையைத் தேர்ந்தெடுத்து, மேவன், பிறகு குவிக்ஸ்டார்ட் என்ற தொடக்க வார்ப்புரு என்று தெரிவு செய்யுங்கள்.

உருவாகும் பாம்.எக்ஸ்எம்எல் கோப்புதான் இனி உங்கள் லைப்ரரிகளின் பட்டியல். ஒவ்வொரு லைப்ரரிக்கும் வெளியிட்டவரைக் குறிக்கும் குரூப் ஐடி, லைப்ரரியின் பெயரான ஆர்டிஃபாக்ட் ஐடி, பதிப்பு எண் ஆகிய மூன்றும் வேண்டும். இடப்புறம் ஜாவா ப்ராஜெக்ட்ஸ் பகுதியில், மேவன் டிபென்டன்சிகளுக்கு (ப்ராஜெக்ட் சார்ந்திருக்கும் லைப்ரரிகளுக்கு) அருகிலுள்ள கூட்டல் குறியைச் சொடுக்கி ஜீசன் என்று தேடினால், பதிவை எடிட்டரே எழுதித் தரும். ஒரே பெயரில் பல லைப்ரரிகள் தோன்றலாம் என்பதால், குரூப் ஐடி கூகுளுடையதுதானா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிப்பு 2.10.1 என்று இருந்தால் அந்த எண்ணையே வைத்துக்கொள்ளலாம். சேமித்ததும் ப்ராஜெக்ட்டை ஒத்திசைக்கவா என்று எடிட்டர் கேட்டால், சம்மதம் கொடுங்கள். மேவன் சென்ட்ரல் என்ற இணையக் களஞ்சியத்திலிருந்து இறங்கும் ஜார் கோப்பு உங்கள் ஹோம் ஃபோல்டரில், பெயர் புள்ளியில் தொடங்கும் எம்2 ஃபோல்டரில் தங்கிவிடும். ஜேயூனிட் போன்ற சோதனை லைப்ரரிகளுக்கு மட்டும், லைப்ரரி எந்தக் கட்டத்தில் தேவை என்பதைச் சொல்லும் ஸ்கோப்பை டெஸ்ட் என்று குறிப்பிடுங்கள்.

புதியவர்கள் அதிகம் திணறுவது பதிப்பு மோதலில்தான். நீங்கள் சேர்க்கும் ஒரு லைப்ரரி தன் தேவைக்காக வேறு லைப்ரரிகளையும் இழுத்து வரும்; அவற்றுள் ஒன்றே இரண்டு பதிப்புகளில் வந்தால், உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு மிக அருகில் குறிப்பிடப்பட்டதையும், தொலைவு சமமாக இருந்தால் முதலில் எழுதப்பட்டதையும் மேவன் எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பையே எடுக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படியில்லை. பிழையின்றி கம்பைல் ஆகும் நிரல், ஓடும்போது மட்டும் ‘அப்படியொரு மெத்தட் இல்லை’ எனப் பொருள்படும் நோசச்மெத்தட்எரர் பிழையோடு நின்றால், முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். டெர்மினலில் எம்விஎன் டிபென்டன்சி:ட்ரீ கட்டளையை இயக்கினால், எது எதனை இழுத்து வந்தது என்பது மரமாக விரியும். வேண்டிய பதிப்பை உங்கள் பாம் கோப்பிலேயே நேரடியாக எழுதினால், அதுவே மிக அருகிலுள்ளதாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இணையம் துண்டிக்கப்படுவது நம் பகுதியில் புதிதல்ல. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. எனவே இணையம் இருக்கும்போதே, தேவையானவற்றை முன்கூட்டியே இறக்கிவைக்கும் எம்விஎன் டிபென்டன்சி:கோ-ஆஃப்லைன் கட்டளையை இயக்குங்கள். அது மேவனுக்குத் தேவைப்படும் ப்ளக்இன்கள் எனும் துணை நிரல்களில் சிலவற்றைத் தவறவிடக்கூடும் என்பதால், ஒருமுறை முழுமையாக பில்ட் செய்துவிடுவது பாதுகாப்பானது. பிறகு எம்விஎன் கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடும் ஓ என்ற எழுத்தும் சேர்த்து இயக்கினால், மேவன் இணையத்தைத் தேடாமல் எம்2 ஃபோல்டரில் உள்ளவற்றைக் கொண்டே பில்ட் செய்யும்.