பட்டாவும் குட்மார்னிங்கும் ஒரே போனில்: கோப்புகளை ஒழுங்கு செய்ய ஒரு வழி

நீடாமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். இந்த ஊரில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நெல் ஏற்றுகிற சரக்கு ரயில் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் கடைக்குள் நுழைகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பட்டா போன்லதாம்மா இருக்கு, ஒரு காப்பி போட்டுக் குடு." வாங்கிப் பார்த்தால் ரோஜாப்பூ, முருகன், காலை வணக்கம், பேரன் பிறந்தநாள், யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம், மறுபடி காலை வணக்கம். கேட் திறந்து வண்டியெல்லாம் போய்விடும், பட்டா கிடைக்காது.

இதற்கு ஊரெல்லாம் சொல்கிற வைத்தியம், வேண்டாததை அழி என்பது. நான் தலைகீழாகச் சொல்வேன். முதலில் எதையும் அழிக்காதீர்கள். வேண்டியதை மட்டும் பொறுக்கித் தனியாக வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆவணம் என்று உண்மையில் தேவைப்படுவது பெரும்பாலும் நூறு கோப்புக்குள் அடங்கிவிடும். நெல்லைத் தூற்றி மூட்டை கட்டிவிட்டால் அப்புறம் பதரைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? அழிப்பதில் கை நடுங்குவதற்குக் காரணமே, வேண்டியது எது என்று இன்னும் பிரிக்காததுதான்.

எங்கே வைப்பது? ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் கூகுள் டிரைவ் இருக்கிறது, நெட்டில் கோப்பு வைக்கிற இடம். அதில் "வீடு" என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் படம் தனி, பிடிஎஃப் தனி என்று பிரிக்காதீர்கள். தாலுகா ஆபீஸில் யாரும் "உங்க பிடிஎஃப்ப காட்டுங்க" என்று கேட்பதில்லை. "உங்க பையன் சாதிச் சான்றிதழ் எங்கே" என்றுதான் கேட்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு ஃபோல்டர். அப்பா, அம்மா, மகள், மகன், சிங்கப்பூரில் இருக்கிற தம்பி. ஒவ்வொருவருக்குள்ளும் ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அதற்குள் மறுபடி ஃபோல்டர் போட வேண்டாம். ஒரு ஆளுக்கு இருபது கோப்பு இருந்தால் திரையில் ஒரு தள்ளு தள்ளினால் தெரிந்துவிடும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போடுவது, தேடுவதற்கு இன்னொரு இடத்தை உண்டாக்குகிற வேலை.

நிலம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வேண்டும்.

ஒன்று "நிலம்". இதில் சர்வே எண்ணும் உட்பிரிவும்தான் பெயர். "மேலக்கொல்லை", "வாய்க்காங்கரை ஒரு மா" என்று வீட்டுக்குள் சொல்லும் பெயரையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளைகளுக்கு எண் தெரியாது, அதிகாரிக்கு மேலக்கொல்லை தெரியாது. பத்திரம், பட்டா, நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படம், சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று எல்லாம் இங்கே.

இன்னொன்று "சாகுபடி". இதை ஜனவரி, டிசம்பர் என்று ஆங்கில ஆண்டில் பிரித்தால் சம்பா பாதியில் உடையும். ஆகஸ்டில் விதைத்தது ஒரு ஆண்டிலும் தை மாதம் அறுத்தது அடுத்த ஆண்டிலும் போய் உட்காரும். எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் அடங்கல் எழுதுவதே பசலி என்கிற வருவாய்த்துறை ஆண்டுக் கணக்கில்தான். நாமும் பசலியிலேயே வைத்துக்கொண்டால் சண்டை இல்லை. பசலி ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்குகிற ஆங்கில ஆண்டு வரும். 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. குறுவைக்கு மட்டும் ஜூனில் விட்ட நாற்று முந்தைய பசலியில் நிற்கும். பரவாயில்லை, அறுவடை எந்தப் பசலியோ அதில் போடுங்கள். அந்த ஃபோல்டரில் அந்த ஆண்டு அடங்கல், பயிர்க் காப்பீட்டு ரசீது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, சொசைட்டிக் கடன் தாள், உர பில் எல்லாம் கிடக்கட்டும். கொள்முதல் நிலையத்துக்கும் காப்பீட்டுக்கும் கேட்கிற தாள்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: சிட்டா (நிலம் யார் பேரில் என்று காட்டும் தாள்), அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம். சம்பா காப்பீட்டுக்குக் கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், அந்த வாரம் என் கடையில் கால் வைக்க இடமிருக்காது. நாலையும் முன்கூட்டியே ஒரே இடத்தில் வைத்திருப்பவர் வந்த வேகத்தில் போய்விடுவார்.

அடுத்தது பெயர். "ஐஎம்ஜி" என்று தொடங்கி ஏழெட்டு எண்ணோடு முடிகிற பெயரை வைத்து எதையும் தேட முடியாது. ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில், அப்புறம் என்ன தாள், யாருடையது அல்லது எந்த சர்வே எண். இப்படி:

2024-11-08-காப்பீட்டு ரசீது-அப்பா
2025-02-03-நெல் ரசீது-112-3பி
2019-06-பத்தாம் வகுப்பு மார்க்-மகள்

ஆண்டை முன்னால் போட்டால் பட்டியல் தானாகத் தேதிவாரியாக அடுக்கிக்கொள்ளும். நாளை முன்னால் போட்டால் எல்லா மாதத்து 3-ம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். படிக்க வசதியாக இங்கே தமிழில் எழுதிக் காட்டினேன். உங்கள் போனில் இதே பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது. சில விண்ணப்பத் தளங்கள் தமிழ்ப் பெயர் உள்ள கோப்பை ஏற்றும்போது முரண்டு பிடிக்கின்றன. சர்வே எண்ணில் வரும் சாய்கோட்டைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது, அதற்குப் பதில் சிறு கோடு போடுங்கள். புதிய, கடைசி, உண்மையான கடைசி என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். தேதி இருந்தால் எது புதிது என்று அதுவே சொல்லும்.

படம் எடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பாதித் தகராறு அங்கேதான் தொடங்குகிறது. ராத்திரி டியூப்லைட்டுக்குக் கீழே, மடியில் வைத்து, விரல் நிழல் விழ எடுத்த ஆதாரை எந்த அலுவலகமும் வாங்காது. பகலில் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ தாளைப் பரப்பி, கூகுள் டிரைவ் செயலியில் இருக்கும் ஸ்கேன் பொத்தானை அழுத்துங்கள். ஓரத்தை அதுவே வெட்டி, பல பக்கத்தைச் சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கிவிடும். தனியாக வேறு செயலி வேண்டாம். போட்டோவை 50 கேபிக்குள் கேட்கிற விண்ணப்பங்கள் உண்டு. அதற்காகச் சுருக்கிய பிரதியை வேலை முடிந்ததும் தூக்கிப் போடுங்கள், பெரிய பிரதிதான் நிற்க வேண்டும். சில ரசீதுகள் சூட்டில் எழுத்து விழுகிற வழவழப்புத் தாளில் வரும். ஏடிஎம் சீட்டு அந்த ஜாதி. அவற்றை வாங்கிய அன்றே படமெடுங்கள். சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். இதோடு இன்னொன்று, மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதைப் பிரிக்க முடியாது, பிரித்தால் தாளும் கூடவே வரும்.

எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் கேள்வி: இது தொலைந்தால் மறுபடி எடுக்க முடியுமா? பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். வில்லங்கம் பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். ஆதாரும் அப்படியே. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியலும் ஓட்டுநர் உரிமமும் மத்திய அரசின் டிஜிலாக்கர் செயலியில் வந்துவிடும், அதில் வழங்கப்பட்ட ஆவணத்துக்கு மூலத்துக்குரிய சட்ட மதிப்பு உண்டு. ஆகவே ஒரே பட்டாவுக்குப் பத்துப் படம் எதற்கு? கடைசியாக எடுத்தது ஒன்று போதும். உட்பிரிவு மாறி, பெயர் மாறிய பிறகும் பழைய பட்டாவைக் காட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். தாத்தா பெயரில் இருந்த பட்டா மட்டும் வரலாற்றுக்காக ஒன்று இருக்கட்டும். அதைவிட முக்கியம், மாவட்டம், தாலுகா, வருவாய்க் கிராமம், பட்டா எண், சர்வே எண் எல்லாவற்றையும் ஒரு சின்னக் குறிப்பில் எழுதி "நிலம்" ஃபோல்டரில் போடுவது. எண் தெரியாமல் வந்து, "எங்க அப்பா பேர்ல இருக்கும், பாரு தங்கச்சி" என்பவருக்கு என்னால் உதவ முடிவதில்லை.

பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கலாம், ஆனால் அலைய வேண்டும். கையால் எழுதி வைத்துக்கொண்ட பாகப்பிரிவினை, கொள்முதல் ரசீது, கடன் கட்டிய சீட்டு, மழையில் சாய்ந்த பயிரின் படம், இதெல்லாம் போனால் போனதுதான். பயிர்ப் படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதியும் இடமும் உள்ளே பதிந்திருந்தால் அதுவும் கழன்றுவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும்.

மறுபடி எடுக்கவே முடியாதது இன்னொன்றும் உண்டு, குரல். வாட்ஸ்அப்பில் வந்த அப்பாயியின் குரல் பதிவு போனுக்குள் எங்கோ எண்ணாகக் கிடக்கும். அதை நீண்ட நேரம் அழுத்திப் பிடித்து, ஷேர் கொடுத்து, டிரைவுக்கு அனுப்பி, பெயர் வையுங்கள். "நாத்து எப்ப பறிக்கிறது" என்று அவர் கேட்டது ஆவணம் இல்லைதான், ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண சிடி இருந்தால் அதையும் இப்போதே கணினிக்கு ஏற்றிவிடுங்கள். சிடி போடுகிற கணினி குறைந்துகொண்டே வருகிறது.

இவ்வளவும் ஆன பிறகு அழியுங்கள், தாராளமாக. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேல் உள்ளவை தனியாகவும், பலமுறை ஃபார்வர்டு ஆனவை தனியாகவும் காட்டும். ஃபார்வர்டு ஆனதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டாம். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தூக்குங்கள். குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மீடியா விசிபிலிட்டியை நிறுத்திவிட்டால் இனி வருகிற காலை வணக்கம் கேலரிக்குள் நுழையாது. குழுவை விட்டு வெளியேறினால் சித்தப்பா கோபித்துக்கொள்வார், இதைச் செய்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. கூகுள் ஃபைல்ஸ் செயலியில் கிளீன் பகுதி, ஒன்றுபோல் இருக்கும் இரட்டைப் படங்களையும் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளையும் எடுத்துக் கொடுக்கும்.

கூகுள் போட்டோஸில் மட்டும் நிதானம். பேக்கப் ஆன படத்தை அந்தச் செயலியில் அழித்தால் போனிலும் போகும், கணக்கிலும் போகும். போனில் இடம் வேண்டும் என்றால் ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்பதை அழுத்துங்கள், அது போனில் உள்ளதை மட்டும் எடுக்கும். தெரியாமல் அழித்தது 60 நாள் குப்பையில் இருக்கும், டிரைவ் குப்பையில் 30 நாள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் 15 ஜிபி இலவசம். 2021 ஜூன் வரை சுருக்கிய படங்களுக்குக் கணக்கில்லாமல் இடம் கொடுத்தார்கள், இப்போது இல்லை. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதே இடத்தைத்தான் தின்கிறது. நிறைந்துவிட்டால் மெயில் வருவது நின்றுபோகும். கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்துக்குக் காத்திருக்கிற வீட்டில் இது நடக்கக் கூடாது.

பிரதி எத்தனை? 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது பீரோவில் இருந்த பத்திரங்கள் நனைந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் இல்லை, டவரும் இல்லை. நெட்டில் இருந்தாலும் எடுத்துப் பார்க்க முடியாது. அதனால் டிரைவில் ஒன்று, அதிலேயே ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றையும் நெட் இல்லாமல் திறக்கும்படி ஆஃப்லைன் என்று குறித்து வைத்தது ஒன்று. மூன்றாவதாக ஹார்டு டிஸ்கில் ஏற்றித் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கிற பிள்ளை வீட்டில் ஒன்று. பென் டிரைவ் எடுத்துப் போகத்தான், வைத்துக் காப்பாற்ற அல்ல. இந்த வேலையை, தாலுகாவில் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்கிற ஜமாபந்தி நடக்கும் மே, ஜூனில் வைத்துக்கொள்ளுங்கள். பசலியும் முடிகிறது, வயலிலும் நெருக்கடி குறைவு, பிள்ளைகளும் லீவில் வீட்டில் இருப்பார்கள்.

அப்பாவின் கணக்குக் கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். இரண்டு ஆண்டு திறக்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம். இணையத்தில் எடுத்த ஆதார் பிடிஎஃப்புக்குப் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து பெரிய எழுத்தில், அடுத்துப் பிறந்த ஆண்டு, அதுதான் கடவுச்சொல். இதை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், தினமும் இதற்காகவே யாராவது கடைக்கு வருகிறார்கள்.

கடைக்கு வரும்போது ஒன்று. என் கடையாக இருந்தாலும் சரி, வேறு கடையாக இருந்தாலும் சரி, நீங்கள் அனுப்பிய கோப்பை வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். முழு எண் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுங்கள், அதையும் ஆதார் தளத்திலேயே எடுக்கலாம். கடைக் கணினியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், கிளம்புமுன் போனில் லிங்க்டு டிவைசஸ் பட்டியலைப் பாருங்கள். அதில் அந்தக் கணினி இன்னும் இருந்தால் லாக் அவுட் கொடுத்துவிட்டுப் படி இறங்குங்கள்.