நீர்வண்ண நகரக் காட்சியா? முதலில் வெள்ளையைத் தேடுங்கள்

நீர்வண்ணத்தில் வரைந்த நகரக் காட்சியைப் பார்த்ததும் கட்டடங்களை ஆராயத் தொடங்காதீர்கள். வண்ணம் படாத வெள்ளைத் தாள் எங்கே தெரிகிறது என்று தேடுங்கள். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட இடம்தான். வெயில் எந்தப் பக்கம் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அப்புறம் விளிம்புகள். பளிச்சென்று கூராக இருந்தால் காய்ந்த தாளில் பட்ட தூரிகை. கரைந்து பரவியிருந்தால் ஈரத்தில் விட்ட வண்ணம். ஆங்கில ஓவியர் டர்னர் 1819 வெனிஸ் பயணத்தில் தீட்டிய சான் ஜார்ஜோ மஜோரே தேவாலயத்தின் காலைக் காட்சியில், கட்டடம் நீலச்சாம்பல் நிழலாகவே நிற்கும். நுணுக்கம் குறைவுதான், ஆனால் அவசரத்தில் விட்டதாக நினைக்க வேண்டாம்: வெளிச்சம் பின்னாலிருந்து வருகிறது.

தெருவில் புள்ளியாக மனிதர்கள் இருந்தால், கட்டட உயரத்தை அவர்களை வைத்து அளந்து பாருங்கள்.